பதிவு செய்தவர் பேச வேண்டும்

அன்று காலை முதலில் காணாமல் போனது ஒரு பூட்டுக்கடையின் இணையதளம். அடுத்தது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. பிறகு ஒரு பல் மருத்துவர், பழைய கார் விற்கும் இரு சகோதரர்கள், ஒரு நீச்சல் குளம். தேநீர் ஆறுவதற்குள் அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிட்டது.

இளையவனுக்கு வயது நாற்பதைத் தாண்டி, முன்னந்தலை ஏறி, கண்ணாடியும் போட்டாகிவிட்டது. ஆனாலும் நிறுவனத்தில் எல்லோருக்கும் அவன் இளையவன்தான். மூத்தவர் ஒருவர் இருந்தார் என்பதால் வந்த பெயர். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் தாடியைக் கூப்பிட்டான். தாடி தாடியை மழித்துப் பல வருடங்கள் ஆகின்றன. இந்த அலுவலகத்தில் ஒருமுறை ஒட்டிய பெயர் அவ்வளவு சுலபத்தில் உதிராது.

"என்னடா ஆச்சு? டிஸ்க் போயிடுச்சா?"

"சர்வர்ல ஒரு கோளாறும் இல்ல பாஸ். எல்லாம் உசுரோடதான் இருக்கு. வெளியில இருந்து பாத்தா மட்டும் ஒண்ணும் தெரியல."

"பேய் மாதிரி."

"பேய்னா வெளியில இருக்கறவங்க கண்ணுக்குத் தெரியும் பாஸ். இது அதைவிடக் கேவலமா இருக்கு."

தாடி ஒரு மணி நேரம் தோண்டினான். பிறகு நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டு, வீட்டில் துக்கம் சொல்ல வந்தவன் போலப் பேசினான்.

"பாஸ், நம்ம பேரே போயிடுச்சு."

இளையவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஊருக்கெல்லாம் இணையதளப் பெயர் பதிந்து கொடுக்கிற நிறுவனத்தின் சொந்தப் பெயர் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, சலுகைக் காலமும் முடிந்து அணைந்துவிட்டது. எல்லா வாடிக்கையாளர்களின் முகவரிகளும் அந்த ஒரு பெயரில்தான் தொங்கின. ஒரு நகரத்தில் வீடுகளெல்லாம் நின்ற இடத்தில் நிற்க, தெருப்பலகைகளை மட்டும் யாரோ ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போவது போலத்தான். நினைவில் இருக்கிறவரை தபால்காரர் வந்துவிடுவார். மறந்ததும் நின்றுவிடுவார். சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவும் மறந்துபோகும்.

"நமக்கு நினைவூட்டல் வந்திருக்குமே?"

"வந்திருக்கு. அஞ்சாறு வந்திருக்கு. 'புதுப்பித்தல்'னு தலைப்புல இருந்தா நம்ம அனுப்பற கடிதத்தோட நகல்னு நினைச்சு ஓரமா தள்ளிடுன்னு மெயில் பெட்டிக்கு நாமதானே சொல்லி வச்சிருக்கோம். தள்ளிடுச்சு."

இப்படியொரு பிழையை வேறு எந்தத் தொழிலில் இருப்பவனும் செய்ய முடியாது.

நிறுவனத்தைத் தொடங்கியவர் இளையவனின் அண்ணன். ஓர் அச்சகத்தின் மாடியில், தண்ணீர் வராத குளியலறையில் முதல் கணினியை வைத்தார். தரையில் ஓடு பதித்திருந்ததால் குளுமையாக இருக்கும் என்று கணக்கு. பகலில் கடை கடையாக ஏறி இறங்கினார். "உங்க கடைப் பேரை உங்களுக்கு முன்னாடி இன்னொருத்தன் எடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்தப் பூட்டுக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எப்படி எடுப்பான்? ஏணி வச்சு ஏறிப் பலகையைக் கழட்டுவானா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டவரே முதல் வாடிக்கையாளர் ஆனார். பயம் விற்கும் என்பது அண்ணனுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் நிறுவனத்தை நிற்கவைத்தது பயம் அல்ல, கடிதம். பெயர் காலாவதியாவதற்கு ஒரு மாதம் முன்னால் அண்ணன் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சலில் எழுதுவார். 'உங்கள் பெயருக்கு இன்னும் ஒரு மாதம் ஆயுள் இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்' என்று தொடங்கும். கீழே அவரவருக்கென்று ஒரு வரி சேர்ப்பார். முட்டிவலி எப்படி இருக்கிறது, மகன் பரீட்சையில் தேறினானா என்று ஏதாவது. வாடிக்கையாளர்கள் பதில் எழுதினார்கள். பெயர் விற்றவனுக்கு எழுதுவதைவிட அதிகமாகவே எழுதினார்கள். மனைவி விட்டுப் போனதை எழுதினார்கள். கடையை மூட நினைப்பதை எழுதினார்கள். எண்ணிக்கை பெருகியபோது கடிதத்தைத் தானாகப் போகும்படி அமைத்தார். பதிலை மட்டும் கடைசிவரை தானே எழுதினார்.

பிறகு ஒருநாள் வட்டுகள் ஒரேயடியாகப் பழுதாயின. அண்ணன் இயந்திரக் கூடத்திலேயே இரண்டு நாட்கள் கிடந்து எல்லாவற்றையும் மீட்டுவிட்டு வண்டியை எடுத்தார். தூங்காத ஒரு மனிதரும் ஒரு லாரியும் ஒரே வளைவுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

உடலை எடுத்த அன்றும் கடிதங்கள் போயின. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவை போயின. மறுநாள் இளையவன் அஞ்சல் பெட்டியைத் திறந்தபோது பதில்கள் குவிந்திருந்தன. 'உங்கள் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்' என்று ஒரு தையற்கடைக்காரர் எழுதியிருந்தார். இன்று சொல்ல வேண்டாம், நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று இளையவன் அண்ணன் பெயரிலேயே நாலு வரி எழுதிப் போட்டான். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் மறுநாள் சொல்வதை இன்னும் அசிங்கமாக்கியது. பிறகு சொல்ல இடமே இல்லாமல் போயிற்று.

அண்ணன் மாதிரி எழுதுவதற்காக அவன் அவருடைய பழைய அஞ்சல்கள் முழுவதையும் படித்தான். வாடிக்கையாளருக்குப் போனவை, அண்ணிக்குப் போனவை, அனுப்பாமல் வைத்தவை, எல்லாவற்றையும் படித்தான். வருடங்கள் போகப்போக ஒரு தொல்லை ஆரம்பித்தது. ஏதாவது ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்தால், அது தனக்கு நடந்ததா, படித்ததா என்று பிரித்தெடுக்க முடியவில்லை. இதற்கிடையில் பெரிய நிறுவனங்கள் வந்து சின்னவற்றையெல்லாம் விழுங்கின. இவர்கள் மட்டும் தப்பினார்கள். வாடிக்கையாளர்கள் அண்ணனை விட்டுப் போக மறுத்தார்கள். "நம்ம ஆபீஸ்லயே ஒரு நாள்கூட லீவு போடாதவர் அவர்தான்" என்பான் தாடி. சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் யாரும் அவருடைய மேஜைப் பக்கம் பார்க்க மாட்டார்கள்.

நிறுவனத்தின் பெயர் ஒரு பெரிய பதிவகத்தில், அண்ணனின் சொந்தக் கணக்கில் இருந்தது. இளையவன் அங்கே பேசினான். எடுத்தவள் ஒரு பெண். பொறுமையான குரல். பொறுமைக்குச் சம்பளம் வாங்குகிற குரல்.

"பதிவு செய்தவர் பேசணும் சார்."

"நான் அவரோட தம்பி."

"சந்தோஷம் சார். ஆனா பதிவு செய்தவர்தான் பேசணும்."

"அவர் இப்ப வெளியில இருக்கார்."

"பரவால்ல சார், பாஸ்வேர்ட் மாத்தற லிங்க்கை அவர் மெயிலுக்கு அனுப்பிடறேன்."

"அந்த மெயிலே இந்தப் பேர்லதாம்மா இருக்கு. பேர் போனதும் அதுவும் போச்சு."

இப்படி ஒரு கூட்டத்தை அவள் இதற்குமுன் சந்தித்ததில்லை போலும். "அப்படின்னா பதிவுல இருக்கற மொபைலுக்கு நாங்க கூப்பிடுவோம் சார். அவர் எடுத்து, கேக்கறதுக்குப் பதில் சொன்னா உடனே திறந்து விட்டுடலாம்."

"ஒருவேளை பதிவு செய்தவர் இறந்துட்டா?"

"யார் சார் இறந்துட்டாங்க?"

"பொதுவா கேக்கறேன்."

"பொதுவான்னா சட்டப் பிரிவுக்குப் போகும் சார். சான்றிதழ், வாரிசு கையெழுத்து, அது வாரக்கணக்குல ஆகும். அதுக்குள்ள பேர் ஏலத்துக்கு வந்துடும். இந்தப் பேர் விழுந்தா எடுத்துக்க ஏற்கனவே ஒருத்தர் சொல்லி வச்சிருக்காங்க."

அண்ணன் கடை கடையாகச் சொல்லித் திரிந்த அந்த இன்னொருத்தன் கடைசியில் வந்துவிட்டான். வாரக்கணக்கில் காத்திருந்தால் நிறுவனம் மிஞ்சாது. தாடிக்கும் மற்ற ஆறு பேருக்கும் சம்பளமில்லை. இளையவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

"மத்தியானம் கூப்பிடுங்க" என்றான். "அவர் எடுப்பார்."

அந்தக் கைபேசி அண்ணியிடம் இருந்தது. இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். ஒருமுறை விரல் தவறி அந்த எண் அழுந்திவிட்டது. கடைசிவரை அடித்து ஓய்ந்தது. அன்று முழுக்க அவனால் சாப்பிட முடியவில்லை.

அண்ணி ஒரு சலவைக் கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் தனியாக இருந்தாள். கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிற வேலை. அன்று அவளுக்கு விடுமுறை. படிக்கட்டு முழுக்கச் சூடான துணியின் வாசனை. கதவைத் திறந்தவள் அவனைப் பார்த்தும் வியக்கவில்லை.

"வா தம்பி. வழி ஞாபகம் இருக்கா? ஒரு வருஷம் ஆச்சு நீ வந்து."

"வேலை அண்ணி."

"உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு வேற பதிலே கிடையாதா. உக்காரு."

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். வேலையில் பழகிய பழக்கம். எதிரில் இருப்பவர் எந்த வரியில் தடுமாறுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"சரி. இப்ப நான் என்ன பண்ணணும்?"

"போனைக் குடுத்தா போதும். நான் பேசிக்கறேன்."

"யாரா பேசுவே?"

அவள் தன் கைபேசியை எடுத்து, எதையோ தேடி, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதைப் படி."

'உங்கள் பெயருக்கு இன்னும் ஒரு மாதம் ஆயுள் இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்.' கீழே அண்ணனின் கையொப்பம். பெறுபவர் இடத்தில் அண்ணியின் பெயர்.

"அவர் என் பேர்லயும் ஒண்ணு பதிஞ்சு குடுத்தாரு, தெரியுமா? என்ன போடறதுன்னு தெரியாம வெறும் பக்கமா விட்டுட்டோம். அவர் போன அடுத்த வருஷம் இது வந்துச்சு. போனைத் தூக்கி எறிஞ்சேன், கண்ணாடி உடைஞ்சுது. அதுக்கும் அடுத்த வருஷம் பதில் போட்டேன். 'விட்டுடலாம்னு இருக்கேன்'னு. என்ன வந்துச்சு தெரியுமா?"

அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாடிக்கையாளர் எண்ணைப் பார்த்துத்தான் அவன் பதில் எழுதுவான். பெயரைப் பார்த்ததில்லை. பெயர் விற்கிறவனுக்குப் பெயர் கண்ணில் படாது.

அவளே சொன்னாள். "'அப்படிச் சொல்லாதீர்கள், இத்தனை வருடப் பழக்கம் அல்லவா. வீட்டில் எல்லோரும் நலமா?' இதுதான் வந்துச்சு."

"அண்ணி, அது நீங்கன்னு..."

"நீதான் எழுதினேன்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரி பூரா உக்காந்து, வீட்டில் எல்லோரும் நலமான்னு அவர் கேட்டா என்ன பதில் சொல்லலாம்னு யோசிச்சேன். அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

கீழே சலவைக் கடையில் நீராவி சீறியது. அவள் எழுந்து உள்ளே போய், அண்ணனின் கைபேசியைச் சார்ஜரோடு எடுத்து வந்தாள். ஓரம் நசுங்கிய பழைய கருவி. மேஜையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"தர்றேன். ஆனா அந்தப் பொண்ணு கேக்கறப்பவே பேரை உன் பேருக்கு மாத்தச் சொல்லணும். அவரை அதுல இருந்து எடுத்துடு. போனவரைப் போக விடு."

"கண்டிப்பா அண்ணி."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லி வைத்தது போல அது அடித்தது. அத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதே மணி. இருவரும் ஒரு கணம் அசையவில்லை. அவள் கையை எடுத்தாள். அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

"சொல்லுங்க" என்றான்.

அண்ணன் அப்படித்தான் எடுப்பார். முதல் எழுத்தை அமுக்கி, கடைசியைக் கொஞ்சம் இழுத்து. அண்ணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பதிவு செய்தவர்தானே சார் பேசறீங்க?"

"ஆமா, நான்தான்."

பிறந்த தேதி கேட்டாள். சொன்னான். முதலில் வேலை பார்த்த இடம் கேட்டாள். சொன்னான்.

"இந்தக் கணக்குல நீங்க பதிஞ்ச முதல் பேர் எது சார்?"

இது சுலபம். "முதல்ல பதிஞ்ச பேரா?" என்றபடி நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். அண்ணி வேகமாகத் தலையை ஆட்டினாள். பிறகு விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். குளியலறைக் கணினிக்கும் முன்னால், பூட்டுக்கடைக்கும் முன்னால், அந்த மனிதர் பதிந்த முதல் பெயர் அதுதான். அவ்வளவு அஞ்சல்களைப் படித்தும் இளையவனுக்கு இது தெரியாது. அண்ணியின் பெயரை அவன் வாழ்க்கையில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொன்னான், அண்ணனின் குரலில். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"சரியா இருக்கு சார். இப்பவே புதுப்பிச்சுத் திறந்து விடறேன். வேற ஏதாவது மாத்தணுமா?"

"பதிவு செய்தவர் பேரை மாத்த முடியுமா?"

"தாராளமா மாத்தலாம் சார். ஆனா புதுப் பேருக்கு மாத்தினா பாதுகாப்புக்காக ரெண்டு மூணு நாள் பூட்டி வைப்போம். அதுவரைக்கும் தளம் எதுவும் வேலை செய்யாது. இப்படியே உங்க பேர்ல இருந்தா அஞ்சு நிமிஷத்துல வந்துடும். எப்படி வச்சுக்கலாம்?"

இரண்டு மூன்று நாட்கள். அதற்குள் யாரும் மிஞ்ச மாட்டார்கள். பல் மருத்துவர் போவார், நீச்சல் குளம் போகும், பூட்டுக்கடைக்காரரே ஏணியோடு வந்து நிற்பார். இளையவன் அண்ணியைப் பார்த்தான். அவளுக்கு மறுமுனையில் பேசியது கேட்டிருக்காது. அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேர்லயே இருக்கட்டும்" என்றான்.

கைபேசியை மேஜையில் வைத்தான். அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சத்தியம்னு சொன்னே."

"மூணு நாள் பூட்டிடுவாங்களாம் அண்ணி. கம்பெனியே போயிடும்."

"சரி. அப்ப அவர் இன்னும் இருக்காரு. நீயே உன் வாயால சொல்லிட்டே." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "இருக்கறவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீயே பதில் சொல்லு. ஊருக்கெல்லாம் சொல்றே இல்ல?"

"வேண்டாம் அண்ணி."

"இந்த போன்ல இருந்து கடைசியா போன கால் எனக்கு. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி. நான் ஒரு பெரியவர் கண்ணுல மருந்து விட்டுட்டு இருந்தேன், எடுக்கல. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." குரல் துளிகூட நடுங்கவில்லை. "எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அவன் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எத்தனையோ பேருக்கு அண்ணன் பெயரில் பதில் எழுதிய பழக்கம். கேள்வி வந்தால் வார்த்தை தானாக வந்துவிடும்.

"லேட் ஆகும்னு சொல்லத்தான்."

"பொய். லேட் ஆகும்னா அவர் கூப்பிடவே மாட்டாரு. அதுக்கெல்லாம் கூப்பிட்டுட்டு இருந்தா அவருக்கு வேற வேலையே ஓடாது."

அவன் தரையைப் பார்த்தான்.

"வேலை முடிஞ்சுது" என்றான். "இன்னிக்கு சீக்கிரம் வந்துடறேன்னு சொல்லத்தான்."

அண்ணி அசையவில்லை. சீக்கிரம் வர நினைத்தவன் எந்த வேகத்தில் அந்த வளைவைத் திருப்பியிருப்பான் என்பது அவள் முகத்தில் மெல்ல ஏறியது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இளையவனுக்குத் தெரிந்தது. சொல்லியாகிவிட்டது.

பிறகு அவள் கேட்டாள். "இதை நீயா சொன்னியா? இல்ல எங்கயாவது படிச்சியா?"

"தெரியல அண்ணி."

அது உண்மை. அன்று முழுவதும் அவன் சொன்ன ஒரே உண்மை.

அவள் சார்ஜரின் கம்பியைச் சுற்றிக் கட்டினாள். அதையும் கைபேசியையும் அவன் கையில் வைத்து விரல்களை மடக்கி விட்டாள், சின்னக் குழந்தைக்குக் காசு கொடுப்பது போல.

"எடுத்துட்டுப் போ. இனிமே இது என் வீட்ல அடிக்க வேண்டாம். அவரை நீதானே வச்சுக்கணும்னு ஆசைப்பட்டே, நீயே வச்சுக்கோ. என் பேருக்குக் கடிதம் அனுப்பாதே. அது விழுந்தா விழட்டும். எவன் வேணா எடுத்துக்கட்டும்."

"அண்ணி..."

"கதவைச் சாத்திட்டுப் போ."

படிக்கட்டில் இறங்கும்போது தாடி கூப்பிட்டான். "பாஸ், வர ஆரம்பிச்சுடுச்சு. ஒவ்வொண்ணா கண் முழிக்குது. பல் டாக்டர் வந்துட்டார். எப்படி பாஸ் சாதிச்சீங்க?"

"பேசினேன்."

"யார்கிட்ட?"

இளையவன் இணைப்பைத் துண்டித்தான். தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. ஆட்கள் சலவை செய்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். சட்டைப்பையில் அந்தக் கைபேசி கனத்தது. இனி தினமும் அதற்குச் சார்ஜ் போட வேண்டும். எப்போது அடித்தாலும் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் எல்லோருடைய பெயரும் போய்விடும். அவன் இருக்கிறவரை அவர் சாக முடியாது.

தெருமுனையில் அது அடித்தது. நின்றான். எடுத்தான்.

"சொல்லுங்க."

பதிவு செய்யப்பட்ட பெண் குரல் ஒன்று அண்ணனின் முழுப்பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது. இன்று கிடைத்த சேவை அவருக்குத் திருப்தியாக இருந்ததா என்று அறிய விரும்புவதாகச் சொன்னது. திருப்தி இல்லை என்றால் ஒன்று, மிகவும் திருப்தி என்றால் ஐந்து.

அவன் ஐந்தை அழுத்தினான். நன்றி சொல்லிவிட்டு அது அவருடைய நாள் இனிதாக அமையட்டும் என்று வாழ்த்தியது.